சின்னவளின் முறை

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவள் எழுதுவது. நலம். நீயும் அப்பாவும் நலம்தானே?

போனில் கேட்டால் ஆகாதா என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் வயர்லெஸ்ஸில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தது நீதான். போன வாரம் பேசி முடிக்கும்போது வாய் தவறி "ஓவர்" என்றே சொல்லிவிட்டேன். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. படையில் இருந்த பதினேழு வருஷமும் நாம் கடிதத்தில்தான் ஒழுங்காகப் பேசியிருக்கிறோம். இனிமேலும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாம் வருஷ வகுப்பு தொடங்கிவிட்டது. விடுதியில் நாற்பது வயதுக்காரிக்கு இடம் கிடையாதாம். அதனால் இந்த வருஷமும் அதே ஜெராக்ஸ் கடை மாடிதான். கீழே மெஷின் ஓடினால் மேலே என் கட்டில் அதிர்கிறது. லாரியில் தூங்கிப் பழகியவளுக்கு அது சுகமாகத்தான் இருக்கிறது.

தூக்கம் வகுப்பிலும் வருவதுதான் தொல்லை. வண்டிப் பிரிவில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி நின்றால் உடனே தூங்கிவிடுவோம், அடுத்து எப்போது நிற்குமோ தெரியாது. உடம்பு இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்த மாத்திரத்தில் கண் சொருகுகிறது. யாராவது உள்ளே வந்தால் விறைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன். எங்கள் புவியியல் பேராசிரியை என்னைவிடச் சின்னப் பெண். "நீங்க உட்காருங்க மேடம்" என்கிறார். மேடம் என்று அவரை நான் கூப்பிட வேண்டும், அவர் என்னைக் கூப்பிடுகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்குக் 'கமாண்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சில நாள் ரொம்ப அலுப்பாக இருக்கிறது அக்கா. எனக்கு ஒரு மகள் இருந்தால் அவள் வயதில் இருப்பவர்களுக்கு ஒரு தடவை படித்தால் தலையில் ஏறிவிடுகிறது. நான் அதே பக்கத்தில் குடியிருக்கிறேன். ஆனாலும் இத்தனை வருஷம் யாரோ வரைந்து கொடுத்த வரைபடத்தை வைத்துக்கொண்டு ஓட்டினேன். வரைகிறவர்கள் பக்கம் ஒரு நாற்காலி வேண்டும் எனக்கு. அதற்குப் பட்டம் கேட்கிறார்கள்.

மூன்று வருஷம் கேட்டேன், கொடுத்தாய். ஒன்று போய்விட்டது. இன்னும் இரண்டு. அதோடு நான் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், நீ உன் வழியைப் பார். சொன்ன சொல் மாற மாட்டேன்.

அன்புடன்,
உன் சின்னவள்

ஆகஸ்ட் 2

அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா ஆசீர்வாதம். கடிதம் வந்தது. பல் டாக்டர் உள்ளே யாருக்கோ கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். வெளியே கவுண்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நடுவில் எழுத்து கோணினால், உள்ளே ஒருவர் கத்தினார் என்று எடுத்துக்கொள்.

அப்பா நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினாலும் பொய். சாப்பிடுகிறார், தூங்குகிறார், மருந்தைத் துப்புகிறார். மற்ற நேரமெல்லாம் பழைய கண்டக்டராகப் பஸ்ஸில்தான் இருக்கிறார். நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை வாசலில் மறித்து, "எங்கே இறங்கணும்? உள்ளே போங்க, வழியில நிக்காதீங்க" என்று நெருக்கித் தள்ளினார். அந்த மனுஷன் பயந்து சமையலறை வரை போய்விட்டார். நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் எப்போதும்போல வாசலிலேயே உருட்டிவிட்டுப் போயிருப்பார்.

இன்னொன்று. என்னைப் பார்த்து, "சின்னவளே, எப்ப வந்தே? லீவு எத்தனை நாள்?" என்று கேட்கிறார். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். "நான் பெரியவப்பா" என்றால் முகம் தொங்கிப்போகிறது. அதனால் இப்போதெல்லாம், "இப்பத்தான்பா வந்தேன்" என்று சொல்லிவிடுகிறேன். கூடவே கிடப்பவளை யார் தேடப்போகிறார்கள்?

செட்டுக்காரர் கிளினிக்குக்குப் பல் செட்டு கொடுக்க வந்தவர், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வேறு ஊரில் சொந்தமாகப் பல் செட்டு செய்கிற கூடம் பார்த்துவிட்டார். இங்கிருந்து ஒருநாள் பயணம். கல்யாணம் செய்துகொண்டு போகலாம் என்று கேட்டவரிடம் உன் படிப்பு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். "இந்த வயசுல ரெண்டு வருஷம் ஒண்ணும் பெரிசில்ல" என்கிறார். ஊருக்கே பல் கட்டுகிறவர் என்னிடம் பேசும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

அப்பாவையும் அழைத்துவரச் சொல்கிறார் அவர். நான்தான் வேண்டாம் என்கிறேன். உன்னிடம் மறைப்பானேன்? அம்மா போனதிலிருந்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது உள்ளே என்ன ஆகியிருக்குமோ என்று காது வைத்துக் கேட்காமல் நான் ஒருநாள்கூடக் கதவைத் திறந்ததில்லை. எனக்கு அப்பாவைப் பிடிக்காமல் இல்லை. களைத்துவிட்டேன், அவ்வளவுதான். ஒருநாளாவது ஒரு கதவைச் சும்மா திறக்க வேண்டும்.

நீ தூங்காமல் படி. மிளகாயைக் கடித்துக்கொண்டாவது படி.

அக்கா

நவம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரு சின்னக் கலாட்டா. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நீ வேறு யார் மூலமாவது கேள்விப்படக் கூடாது.

நான்கு நான்கு பேராகப் பிரித்து, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் பழைய தெருக்களைப் படம் வரையச் சொன்னார்கள். வீடு வீடாகப் போய், எது வீடு, எது கடை, எத்தனை மாடி என்று பார்த்துக் குறிக்க வேண்டும். வயதைப் பார்த்து என்னைக் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். எங்கள் குழுவில் ஒருத்தி இருக்கிறாள், நான் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவேன், அத்தனை சேட்டை. கடைசிச் சந்து அவள் பங்கு. மழை பெய்ததாம், போகவில்லை. அறையில் உட்கார்ந்தே அந்தச் சந்தை வரைந்து கொடுத்துவிட்டாள். ஒரு வீட்டுக்கு மாடி, மாடியில் ஒரு தையல் கடை. அந்த வீட்டை இடித்து நெடுநாளாகிறது, இப்போது அங்கே இருப்பது குழி. இதைவிடக் கூத்து, எங்கள் பேராசிரியை குடியிருப்பதே அந்தச் சந்தில்தான். தினமும் அந்தக் குழியைத் தாண்டித்தான் கல்லூரிக்கு வருகிறார்.

நால்வரையும் முதல்வர் அறையில் நிறுத்தி வைத்தார்கள். "இதை வரைஞ்சது யாரு?" என்று கேட்டார். வாலு வெளிறிப்போய் என் முழங்கைக்குப் பின்னால் நின்றாள். நான் ஓர் அடி முன்னால் வந்து, "நான்தான் சார்" என்றேன்.

பயப்படாதே. எங்கள் பிரிவில் இதுதான் வழக்கம். செய்தது யார் என்று அதிகாரி கேட்டால் பிரிவை நடத்துகிறவள் முன்னால் வர வேண்டும். அவள் செய்யவில்லை என்று அவருக்கும் தெரியும். அவளை நாலு வார்த்தை திட்டுவார், அதோடு முடிந்தது. செய்தவள் சாயங்காலம் தானாக வந்து தலைவி முன்னால் நிற்பாள். அவளுக்கு என்ன கொடுக்க வேண்டுமோ அதைத் தலைவி கொடுத்துக்கொள்வாள். பெயர் மட்டும் வெளியே போகாது. நானே எத்தனை தடவை இப்படித் திட்டு வாங்கியிருக்கிறேன், எனக்காக எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள்.

பேராசிரியை என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "நீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். முடிவை அப்புறம் சொல்வார்களாம். போனில் சொன்னாயே, அப்பாவுக்குச் சளி விட்டதா?

உன் சின்னவள்

டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இல்லாததை வரைந்து ஏமாற்றியது நானாம். இந்த வருஷம் நான் எழுதியதும் எழுதப்போவதும் செல்லாது. ஜூன் மாதம் இரண்டாம் வருஷத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. அந்தச் சந்தை மட்டும் திரும்ப வரைந்து கொடுத்தால் போதும்.

நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்கள் அக்கா. திட்டவேயில்லை. ஒரு வார்த்தை உரக்கப் பேசியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். எல்லோரும் அவ்வளவு மரியாதையாக இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் வாலு வருவாள் என்று அறைக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். வந்தாள். கையில் டீயும் பன்னும். "தேங்க்ஸ் கமாண்டர். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா படிப்பை நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாரு" என்றாள். அப்புறம் பன்னைப் பிய்த்துக்கொண்டே, "ஆமா, நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். எங்கள் பிரிவில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

இரண்டு வருஷம் என்று சொல்லியிருந்தேன். மூன்று ஆகிவிட்டது. செட்டுக்காரரிடம் நீ எப்படிச் சொல்வாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு நாளாகக் கீழே மெஷின் ஓடியும் தூக்கம் வரவில்லை.

சின்னவள்

டிசம்பர் 14

தங்கச்சிக்கு,

கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துப் படித்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட மறந்து உட்கார்ந்திருந்தேன். கன்னம் வீங்கிய ஒரு அம்மா எழுந்து வந்து, "உங்களுக்கும் பல் வலியா?" என்று கேட்டாள்.

நீ பதினேழு வருஷம் போய்விட்டாய். அது வேலை, வயிற்றுப் பிழைப்பு, நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திரும்பி வந்ததும் படிக்கப் போகிறேன் என்றாய். இருபது வயதில் விட்ட படிப்பு, போகட்டும் என்று அதற்கும் தலையாட்டினேன். இப்போது யாரோ ஒரு பெண், மழைக்குச் சோம்பல்பட்டவள், அவளுக்காக ஓர் அடி முன்னால் போய் நின்றாயாம். ஏண்டி, எனக்காக என்றைக்காவது ஓர் அடி முன்னால் வந்திருக்கிறாயா? அம்மா படுக்கையில் கிடந்தபோது நீ வரவில்லை. அப்பா முதல் தடவை வழி தெரியாமல் தொலைந்துபோய் நான் தெருத்தெருவாகத் தேடியபோது நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று அப்போதெல்லாம் நானே உனக்காக ஊருக்குப் பதில் சொன்னேன். உன் படையில் அதற்கு என்ன பெயரோ எனக்குத் தெரியாது.

அவள் கூட்டாளியா உனக்கு? அவளோடு எந்தக் குண்டுக்குத் தப்பினாய்? பன்னைத் தின்றுகொண்டு ஏன் சொன்னீங்க என்று கேட்கிறாளே!

இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். முதல்வரிடம் போ. நான் செய்யவில்லை என்று சொல். யார் செய்தது என்றும் சொல். வருஷத்தைத் திரும்ப வாங்கு. அது உன் வருஷம் மட்டும் இல்லை. என்னுடையதும்தான்.

அக்கா

டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். நீ கேட்டதற்காகவே போனேன்.

முதல்வர் அறை வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறது. அதில் உட்கார்ந்தேன். குமாஸ்தா என்ன விஷயம் என்றார். முதல்வரைப் பார்க்க வேண்டும் என்றேன். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். "சொல்லுங்க" என்றார் முதல்வர். நல்ல மனுஷன்தான், நாற்காலியைக் காட்டினார். "நான் வரையல சார்" என்றேன். "அப்போ யாரு?" என்று கேட்டார்.

அந்தப் பெயர் வாயில் வரவில்லை அக்கா. அவர் தண்ணீர் கொடுத்தார். "பேரு சொல்லாம நான் எதை மாத்துறது?" என்றார். நியாயம்தான். வந்துவிட்டேன்.

அவளைக் காப்பாற்றுகிறேன் என்றெல்லாம் நினைக்காதே. அவளைப் பார்த்தால் எனக்கும் எரிச்சலாகத்தான் வருகிறது. நீயே போய்ச் சொல் என்று அவளிடம் கேட்டும் பார்த்தேன். அழுதாள், நாளைக்கு என்றாள், அப்புறம் எதிரில் வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அந்த ஒரு பழக்கத்தை என்னால் கழற்றிப் போட முடியவில்லை. சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இதை எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை.

உன் கடிதத்தில் இருப்பதெல்லாம் நிஜம். திட்டியாவது எழுது.

சின்னவள்

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதவில்லை. போன் செய்தால், "அப்பா நல்லாருக்கார், வச்சிடறேன்" என்கிறாய். இப்போது நீதான் வயர்லெஸ்ஸில் பேசுகிறாய்.

நிறைய யோசித்தேன். வகுப்பு இல்லாதவளுக்கு வேறென்ன வேலை? யோசித்ததைச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். ஒரு வருஷம் போனது போனதுதான். ஆனால் அதை ஏன் உன் கணக்கில் எழுதுகிறேன் என்று எனக்கே தோன்றியது. போனது என் வருஷம். அதை நான்தான் சுமக்க வேண்டும். நீ இன்னும் மூன்று வருஷம் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, இரண்டும் வேண்டியதில்லை.

அப்பாவை என்னிடம் கூட்டிவந்துவிடுகிறேன். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் காகிதக் கட்டு அடுக்கும் அறை ஒன்று இருக்கிறது, தரையோடு, படி ஏற வேண்டாம். கடைக்காரரிடம் பேசிக் காலி செய்து, வெள்ளையடித்து, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துவிட்டேன். ஜூன் வரை எனக்கு வகுப்பே கிடையாது. அதற்குள் அவர் பழக்கமெல்லாம் எனக்குப் பழகிவிடும். வகுப்பு தொடங்கினால் பகலில் கடையில் உட்காரவைக்கச் சம்மதித்திருக்கிறார் கடைக்காரர். வருகிறவர்களுக்கு அப்பா காகிதம் கிழித்துக் கொடுத்து, எங்கே இறங்கணும் என்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். சரியாக வராவிட்டால் படிப்பை நிறுத்தி வைப்பேன். அது என் பாடு, உன்னைக் கூப்பிட மாட்டேன்.

இதையெல்லாம் படை முடிந்து வந்த அன்றே செய்திருக்கலாம். படிப்பா அப்பாவா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று நினைத்துவிட்டேன். நீ வேலைக்கும் போய்க்கொண்டு அவரையும் பார்த்தாய். அது ஏன் என் கண்ணில் படவில்லையோ.

பிப்ரவரி முதல் ஞாயிறு வருகிறேன். செட்டுக்காரரிடம் சொல்லிவிடு. இனி என் முறை அக்கா.

உன் சின்னவள்

ஜனவரி 27

அருமைத் தங்கச்சிக்கு,

வா.

உன்னைத் திட்டியதில் ஒன்றையும் திரும்ப வாங்க மாட்டேன். அந்தப் பெண்ணின் பெயரை நீ சொல்லாதது எனக்கு இன்னும் ஆறவில்லை. பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான், பிறகு எழுதத் தெம்பில்லாமல். இந்தக் கடிதம் வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். பழக்கம் விட்டுப்போனதால் சரியாகத் தெரியவில்லை.

செட்டுக்காரரிடம் சொன்னேன். அன்று வாயைப் பொத்தாமல் சிரித்தார். முன்பல் ஒன்று அவருக்கே செட்டு. இத்தனை நாள் அதைத்தான் மறைத்திருக்கிறார், பாவம்.

நீ உங்கள் படை வழக்கப்படி பொறுப்பை ஒப்படை என்று கேட்பாய், சொல்லிவிடுகிறேன். மருந்தை நேராகக் கொடுத்தால் துப்புவார். டீயில் நனைத்த ரொட்டிக்குள் வை. குளிக்க வர மாட்டார். வண்டி கழுவணும், டிரைவர் கூப்பிடறார் என்று சொன்னால் வருவார். இடது காதில் பேசாதே, கேட்காது. சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் கொஞ்சம் அழுவார். ஏன் என்று கேட்காதே, அவருக்கும் தெரியாது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். வாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போடு. பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுவிடுவார். அவரைத் திருப்பிக் கூட்டிவர ஒரே வழிதான், "கண்டக்டர், என்னை விட்டுட்டுப் போறீங்களே" என்று பின்னாலிருந்து கத்த வேண்டும். உடனே நின்றுவிடுவார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் என்னை விட்டுவிட்டுப் போனதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஆசையோடு வந்து ஏமாறாதே. உன்னைப் பார்த்ததும் சின்னவளே என்று கட்டிக்கொள்வார் என்று நினைக்காதே. கூட இருக்கிறவளைக் கூப்பிட அவருக்குத் தெரிவதில்லை. இல்லாதவளைத்தான் கூப்பிடுகிறார். நான் போனபிறகு உன்னைப் பார்த்துப் பெரியவளே என்று கூப்பிடுவார் என்றுதான் தோன்றுகிறது. கூப்பிட்டால் திருத்தாதே. "இங்கேதான்பா இருக்கேன்" என்று சொல்லிவிடு.

கூப்பிட்டாரானால் அன்றைக்கே எனக்கு எழுது. அவர் வாயால் அதைக் கேட்டு ரொம்ப நாளாகிறது.

உன்,
பெரியவள்